போர்ட்ரீயில் ஆறு மணி நேரம்: ஸ்கை தீவுக்குக் கப்பலில் போகிறவர்களுக்கு

பிரிட்டனைச் சுற்றிவரும் சுற்றுலாக் கப்பல்களின் அட்டவணையில் ‘போர்ட்ரீ, ஸ்கை தீவு, காலை 8 முதல் மாலை 5 வரை’ என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். பார்த்தவுடன் ஒன்பது மணி நேரம் கையில் இருப்பதாகத் தோன்றும். உடனே இணையத்தில் தேடி, ஸ்டோர் பாறை, குவிராங், கில்ட் ராக், ஃபேரி பூல்ஸ், டன்வேகன் கோட்டை, டாலிஸ்கர் விஸ்கி ஆலை என்று நீளமாக ஒரு பட்டியல் தயாராகிவிடும். தெரிந்தவர்கள் யாராவது இந்தப் பட்டியலோடு என்னிடம் யோசனை கேட்டு வந்தால், ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அடித்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையை ஒட்டியிருக்கும் ஸ்கை, நாம் நினைக்கிற அளவுக்குச் சின்னத் தீவு இல்லை. போர்ட்ரீ அதன் முக்கிய ஊர். பரப்பு 1,600 சதுர கிலோமீட்டருக்கு மேல். கடல் நாலா பக்கமும் உள்ளே புகுந்து தீவைப் பல தீபகற்பங்களாகப் பிரித்து வைத்திருப்பதால், வரைபடத்தில் பக்கத்தில் தெரிகிற இடத்துக்குக்கூட ஒரு கடற்கழியைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அந்தச் சாலைகளிலும் பல இடங்களில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போக முடியும்.

முதலில் நேரக் கணக்கைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் மற்ற எல்லா முடிவும் அதில்தான் தொங்குகிறது. போர்ட்ரீயில் பெரிய கப்பல் கரையைத் தொடாது. ஸ்காட்லாந்தின் வேறு சில துறைமுகங்கள் அப்படியில்லை. ஆர்க்னி தீவுகளில் கர்க்வால் ஊருக்குப் பக்கத்தில் ஹாட்ஸ்டன் துறையில் கப்பல் நேராக வந்து நிற்கும். லூயிஸ் தீவின் ஸ்டார்னவேயிலும் 2024-இல் ஆழ்நீர்த் துறை திறந்துவிட்டார்கள், கப்பலிலிருந்து நேராகக் கரையில் இறங்கிவிடலாம். போர்ட்ரீயில் இருப்பது மீன்பிடிப் படகுகளுக்கான சின்னத் துறை, அதன் தொடக்கம் 19-ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் தாமஸ் டெல்ஃபர்ட் என்ற பொறியாளரின் காலத்தது. ஆகவே கப்பல் வெளியே நங்கூரம் போட்டு நிற்க, அதன் உயிர்காப்புப் படகுகளையே இறக்கி அதில் ஆட்களைக் கரைக்குக் கொண்டு வருவார்கள். இதற்கு டெண்டர் என்று பெயர். அட்டவணையில் 8 மணி என்று போட்டிருந்தால் 8 மணிக்கு நங்கூரம் விழும், அவ்வளவுதான். அப்புறம் படகுகளை இறக்க வேண்டும், கரையில் ஏற்பாடு பார்க்க வேண்டும், கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவுக்குப் பணம் கட்டியவர்களை முதலில் அனுப்புவார்கள். சொந்தமாகச் சுற்றப் போகிறவர்கள் டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருந்து, கரையில் கால் வைக்கும்போது ஒன்பதரை ஆகிவிடும், சில நாள் பத்தும் ஆகும். திரும்பும்போது கடைசிப் படகு பெரும்பாலும் கப்பல் கிளம்புவதற்கு அரை மணி அல்லது ஒரு மணி நேரத்துக்கு முன்பே போய்விடும். அந்தக் கடைசிப் படகுக்குத்தான் எல்லோரும் வருவார்கள் என்பதால் துறைமுகத்தில் வரிசை நீண்டு நிற்கும், பெரும்பாலும் மழையில். மூன்றரைக்கே வரிசைக்கு வந்துவிடுவதாக வைத்துக்கொண்டால் உங்கள் கையில் இருப்பது ஆறு மணி நேரம். இந்த ஆறைத்தான் பங்கு போட வேண்டும்.

கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவில் போனால் பேருந்து தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனவர்களுக்குக் காத்திருக்காது. இதைப் படித்துவிட்டுப் பயந்துபோய் எல்லோரும் நிறுவனச் சுற்றுலாவையே எடுக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தச் சுற்றுலாக்களில் பல, தீவின் வடக்கே நீண்டிருக்கும் ட்ரோட்டர்னிஷ் தீபகற்பத்தைச் சுற்றி சுமார் 80 கிலோமீட்டர் பேருந்தில் கூட்டிப்போய், நாலைந்து இடத்தில் பதினைந்து இருபது நிமிடம் நிறுத்தி, படம் எடுக்க விட்டு, திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறவைதான். நடக்கவே முடியாதவர்களுக்கு அது நல்ல ஏற்பாடு. நடக்க முடிகிறவர்கள் அதில் போனால், காற்றும் சேறும் பாறையுமாக இருக்கிற ஒரு தீவைக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவார்கள். அது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

என்னுடைய யோசனை எளிமையானது. வடக்கே ஒரே திசை, ஒரே இடம், அது ஸ்டோர். மிச்ச நேரம் போர்ட்ரீ ஊருக்கு.

ஏன் ஸ்டோர் என்றால், தீவின் பெரிய காட்சிகளிலேயே துறைமுகத்துக்கு மிகப் பக்கத்தில் இருப்பது அதுதான். போர்ட்ரீயிலிருந்து ஏ855 சாலையில் சுமார் 11 கிலோமீட்டர், வண்டியில் கால் மணி, இருபது நிமிடம். டன்வேகன் கோட்டை 35 கிலோமீட்டர், முக்கால் மணி நேரம் ஆகும். கிளென் பிரிட்டில் பள்ளத்தாக்கில் ஃபேரி பூல்ஸ் என்கிற மலையோடைக் குளங்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு நேரம், போய்ச் சேர்ந்த பிறகு நடை வேறு இருக்கிறது. இந்த இரண்டில் ஒன்றுக்குப் போய்வந்தாலே நாளில் பாதி சாலையில் கரைந்துவிடும். கோட்டை மோசம் என்று சொல்ல வரவில்லை. மக்ளவுட் குலத்தின் தலைவர்கள் 800 ஆண்டுகளாக வாழ்ந்துவரும் இடம், உள்ளே இருக்கும் பழைய பட்டுக் கொடியின் கதைக்காகவே பார்க்கலாம். ஆனால் கோட்டைகளை ஸ்காட்லாந்தின் வேறு ஊர்களிலும் பார்க்க முடியும். ஸ்டோர் மாதிரி ஒரு மலைச்சரிவை வேறு இடத்தில் பார்க்க முடியாது.

அந்த மலையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் பார்ப்பது இன்னும் நன்றாக இருக்கும். ட்ரோட்டர்னிஷின் முதுகெலும்பு மாதிரி வடக்கு தெற்காக 30 கிலோமீட்டருக்கு ஒரு மலைத்தொடர் ஓடுகிறது. மேலே இருப்பது சுமார் ஆறு கோடி ஆண்டுகளுக்கு முன்னால் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பாய்ந்து இறுகிய கனமான பசால்ட் பாறை. அடியில் இருப்பது அதைவிடப் பழைய, மிருதுவான ஜுராசிக் காலத்துப் படிவுப் பாறை. மேல் சுமையைக் கீழே இருப்பது தாங்கவில்லை. பனியுகம் முடிந்து, மலையை அண்டி நின்ற பனிப்பாளம் கரைந்ததும், கிழக்குப் பக்கம் முழுக்கத் துண்டு துண்டாகச் சரிந்து கடலை நோக்கி நகர்ந்தது. பிரிட்டனிலேயே மிகப் பெரிய நிலச்சரிவுத் தொடர் இதுதான். சரிந்த துண்டுகளில் ஒன்றுதான் ஓல்டு மேன் ஆஃப் ஸ்டோர் என்று எல்லாப் படங்களிலும் வருகிற, சுமார் 50 மீட்டர் உயரத்தில் செங்குத்தாக நிற்கும் ஊசிப்பாறை. அதன் பின்னால் நிற்கும் ஸ்டோர் மலை 719 மீட்டர். சரிவு இன்னும் முழுதாக நின்றபாடில்லை. இதே தொடரின் வடகோடியில் குவிராங் பக்கம் நிலம் இன்றைக்கும் நகர்ந்துகொண்டிருக்கிறது, அதனால் ஃப்ளோடிகரி அருகே சாலையை வருடா வருடம் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. ஒரு மலை இடிந்து விழுவதை நடுவில் போய் நின்று பார்க்கிறோம், வேகம் மட்டும்தான் நம் கண்ணுக்குப் பிடிபடாது.

ஏறுவதற்கு எப்படி இருக்கும்? கார் பார்க்கிலிருந்து போக வர சுமார் 4 கிலோமீட்டர், ஏற்றம் கிட்டத்தட்ட 300 மீட்டர். பாதை நன்றாகப் போட்டிருக்கிறார்கள். கீழ்ப்பகுதியில் சரளை போட்ட அகலமான வழி, கம்பிக் கதவுகளைத் திறந்து திறந்து போக வேண்டும். ஆடு மேய்கிற இடம், திறந்த கதவை மூடிவிட்டுப் போவது முக்கியம். மேலே போகப் போகக் கல் படிகள் வரும். ஒவ்வொரு படியும் ஒவ்வொரு உயரம், மழை பெய்திருந்தால் கல்லின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். ஏறும்போது மூச்சு வாங்குமே தவிரப் பயம் இருக்காது, இறங்கும்போதுதான் முழங்காலுக்கு வேலை. படிகளின் ஓரத்தில் புல்லில் கால் வைத்து இறங்கப் பார்க்காதீர்கள், அங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள், புல்லும் அப்படித்தான் தேய்ந்து சேறாகிப் போகிறது. நிதானமாகப் போய், படம் எடுத்து, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வர இரண்டு மணி நேரம் வைத்துக்கொண்டால் போதும்.

மேகம் இறங்கியிருந்தால் போகலாமா வேண்டாமா என்ற கேள்வி கண்டிப்பாக வரும். கீழே நின்று பார்த்தால் ஒன்றுமே தெரியாது, வெள்ளையாக இருக்கும். நாங்கள் ஏறியபோதும் அப்படித்தான் இருந்தது. பாதி வழியில் மேகம் ஒரு பக்கமாக விலகி, ஊசிப்பாறையின் அடிப்பாகம் மட்டும் தெரிந்தது, உச்சி இல்லை. பிறகு உச்சி தெரிந்தது, அடி மறைந்துவிட்டது. கருப்புப் பாறையில் தண்ணீர் வழிந்து மின்னிக்கொண்டிருந்தது, அதன் இடுக்குகளில் பச்சையாக ஏதோ செடி. திரும்பிப் பார்த்தால் கீழே லெதன் ஏரி, அதற்கு அப்பால் கடல், கடலுக்கு அப்பால் ராசே தீவு முழுதாக வெயிலில் கிடந்தது. ஒரே நேரத்தில் நாங்கள் மழையிலும் ராசே வெயிலிலும் இருந்தோம். மேகத்தைப் பார்த்து யாரும் திரும்பிவிட வேண்டாம். பலமான காற்று வேறு விஷயம். நிற்க முடியாத அளவு காற்று அடித்தால் மேல் படிகளுக்குப் போகாமல் திரும்பிவிடுங்கள், அதில் தயக்கமே வேண்டாம்.

போய்ச் சேர்வதற்கு வழிகள். ஊரின் நடுவில் சோமர்லெட் சதுக்கத்திலிருந்து ட்ரோட்டர்னிஷைச் சுற்றும் பேருந்து ஸ்டோர் வழியாகவே போகிறது. மலிவு, ஆனால் நாளில் சில தடவைதான். போகிற பேருந்தை விட முக்கியம் திரும்புகிற பேருந்து, அதை முதலில் பார்த்துவிட்டுப் போகிறதைத் தேர்ந்தெடுங்கள். அட்டவணை பருவத்துக்குப் பருவம் மாறும், ஆகவே கிளம்புகிற வாரத்தில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. இரண்டாவது வழி டாக்ஸி. தீவின் மக்கள்தொகையே சுமார் 10,000தான், இருக்கிற டாக்ஸிகள் கொஞ்சம், கப்பல் வரும் நாளில் துறைமுகத்தில் இறங்கி டாக்ஸி தேடினால் கிடைக்காது. மாதக்கணக்கில் முன்னாலேயே மின்னஞ்சல் அனுப்பிப் பேசி வைக்க வேண்டும். பேசும்போது ஒன்றைத் தெளிவாகக் கேளுங்கள்: கடல் மோசமாக இருந்து கப்பல் ஆளை இறக்கவே இல்லை என்றால் பணம் என்ன ஆகும்? உள்ளூர்க்காரர்களுக்கு இது பழகிய விஷயம், பலர் நியாயமாகவே ஒரு வழி வைத்திருப்பார்கள். ஆனால் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

மூன்றாவது, வாடகைக் கார். இந்திய ஓட்டுநர் உரிமத்தில் பிரிட்டனில் ஓராண்டு வரை ஓட்டலாம், அங்கேயும் இடது பக்கம்தான், ஆகவே நமக்குப் பழக்கம் ஒரு பிரச்சினையே இல்லை. ஒற்றைத்தடச் சாலைதான் புதிது. ஒரு வண்டி அகலத்துக்குத் தார், அங்கங்கே கொஞ்சம் அகலப்படுத்தி ‘பாசிங் பிளேஸ்’ என்று பலகை நட்டிருப்பார்கள். எதிரே வண்டி வந்தால், அந்த இடம் உங்கள் இடப்பக்கம் இருந்தால் அதில் ஒதுங்குங்கள். வலப்பக்கம் இருந்தால் எதிர்ப்புறம் தாவிப் போகாமல் அதற்கு நேராக உங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள், வருகிறவர் அதில் ஒதுங்கிப் போவார். மேடேறி வருகிற வண்டிக்கு வழி விட வேண்டும். பின்னால் உள்ளூர் வண்டி ஒட்டிக்கொண்டு வந்தால் ஒதுங்கி அதை முன்னே போக விடுங்கள், அவர் வேலைக்குப் போகிறவராக இருக்கலாம், ஆம்புலன்ஸாகவும் இருக்கலாம். ஒதுங்கினவருக்குக் கையைத் தூக்கி ஒரு நன்றி சொல்வது அங்கே எல்லோரும் செய்வது. அந்த இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் படம் எடுப்பது மட்டும் கூடவே கூடாது. தீவுக்காரர்கள் சுற்றுலாப் பயணிகளிடம் கோபப்படுகிற விஷயங்களில் இதுதான் முதலாவது. சாலை அவர்களுக்குப் பள்ளிக்கூடத்துக்கும் மருத்துவமனைக்கும் போகிற வழி.

கார் வைத்திருப்பவர்களுக்கு ஸ்டோர் முடிந்து நேரம் மிச்சமிருந்தால் இன்னும் வடக்கே கில்ட் ராக் வரை போய்விட்டு வரலாம். மீல்ட் ஏரியின் தண்ணீர் செங்குத்தான பாறை விளிம்பிலிருந்து நேரே கடலில் விழுகிறது, பக்கத்தில் பாறை மடிப்பு மடிப்பாகத் தூண்களாக நிற்கிறது. வண்டியிலிருந்து இறங்கிச் சில அடி நடந்தால் வேலி, அங்கிருந்தே எல்லாம் தெரியும். குழந்தைகள் இருந்தால் ஸ்டாஃபின் பக்கம் அன் கோரன் கடற்கரையில் டைனோசர் காலடித் தடங்கள் இருக்கின்றன, சுமார் 16.5 கோடி ஆண்டுப் பழசு. ஆனால் கடல் வற்றியிருக்கும்போது மட்டும்தான் தெரியும், மணல் மூடியிருந்தால் அப்போதும் தெரியாது. ஓத அட்டவணையைப் பார்க்காமல் அவ்வளவு தூரம் போக வேண்டாம். இதற்கு மேல் குவிராங், ஊய்க் என்று நீட்டினால் கடைசிப் படகு நினைப்பிலேயே ஓட்ட வேண்டியிருக்கும்.

எங்களோடு அத்தையும் வந்திருந்தார். முழங்கால் வலி, ஸ்டோர் பக்கமே போக முடியாது. அதற்கும் முன்னால், கப்பலிலிருந்து டெண்டர் படகில் இறங்குவதே அவருக்குப் பெரிய கவலையாக இருந்தது. கப்பலின் பக்கவாட்டில் நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு கதவைத் திறந்து சின்ன மேடை போட்டிருப்பார்கள். படகு அதை ஒட்டி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். இரண்டு மாலுமிகள் இரண்டு பக்கமும் நின்று உங்கள் முன்னங்கையைப் பிடித்துக்கொள்வார்கள், நாமும் அவர்கள் முன்னங்கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், படகு மேலே வரும் நொடியில் அவர்கள் ‘இப்போ’ என்றதும் ஒரே எட்டு. “கையில பையெல்லாம் வேண்டாம் அத்தை, முதுகுல மாட்டிக்கோங்க, ரெண்டு கையும் காலியா இருக்கணும்” என்றேன். “அவங்க பிடிச்சுக்குவாங்கல்ல? அப்புறம் என்ன, வா” என்று எனக்கு முன்னால் அவரே போய்விட்டார். கைத்தடி வைத்திருப்பவர்கள் அதை மாலுமியிடம் கொடுத்துவிட்டால் அவர்களே படகுக்குள் தருவார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் மட்டும் பயணத்துக்கு முன்பே கேட்டுவிட வேண்டும், பல கப்பல்களில் டெண்டரில் ஏறச் சில படிகளாவது தானாக நடக்க முடிய வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள்.

நடக்க முடியாதவர்களுக்குப் போர்ட்ரீயில் நல்ல வழி, துறைமுகத்திலிருந்தே கிளம்பும் சின்னப் படகுச் சவாரி. வெண்வால் கடற்கழுகைப் பார்க்கக் கூட்டிப் போவார்கள். இறக்கை விரிப்பு இரண்டு மீட்டரையும் தாண்டும் பறவை. பிரிட்டனில் இந்த இனத்தை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு சுட்டே அழித்துவிட்டார்கள். 1975-இலிருந்து நார்வேயிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து பக்கத்து ரம் தீவில் வளர்த்துப் பறக்க விட்டார்கள், அப்படிப் பெருகி வந்தவைதான் இன்று போர்ட்ரீ பாறைகளில் கூடு கட்டியிருப்பவை. அத்தை அதில்தான் போனார். திரும்பி வந்து அவர் சொன்னதில் கழுகைவிட நீர்நாய்கள் பாறையில் புரண்டுகொண்டிருந்த கதைதான் அதிகம்.

ஓரளவு நடக்க முடியும், மலை வேண்டாம் என்பவர்களுக்கு ஸ்கோரிபிரெக் நடை. துறைமுகத்தின் வடகரையோரமாகப் போய், முனையைச் சுற்றி, மேட்டில் ஏறித் திரும்புகிற வழி, சுமார் 3 கிலோமீட்டர். முதல் பாதி கிட்டத்தட்டச் சமதளம், மரங்களும் கடலுமாக இருக்கும், அதோடு திரும்பிவிட்டாலும் குறை ஒன்றுமில்லை. அந்த நிலம் ஒரு காலத்தில் நிக்கல்சன் குலத்தாருடையது. உலகெங்கும் சிதறிப்போன அவர்களின் வழித்தோன்றல்கள் சேர்ந்து அதை மீண்டும் வாங்கி, எல்லோரும் நடப்பதற்காகத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஸ்கையைப் பற்றி வருகிற படங்களில் மனிதர்களே இருக்க மாட்டார்கள். வெறும் மலை, வெறும் புல்வெளி, தூரத்தில் ஒரு வெள்ளை வீடு. அந்த வெறுமை இயற்கையாக வந்தது என்று நினைத்துவிடக் கூடாது. 19-ஆம் நூற்றாண்டில் நிலப்பிரபுக்கள் செம்மறியாட்டுப் பண்ணைக்காகக் குடியானவர்களை ஊர் ஊராகக் காலி செய்து கப்பல் ஏற்றினார்கள். ஸ்டோர் மேலிருந்து பார்க்கிற அந்த ராசே தீவிலேயே 1850களில் பல ஊர்கள் அப்படிக் காலியாயின. போர்ட்ரீக்குத் தெற்கே சில மைல் தூரத்தில் பிரேஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கிருந்த குடியானவர்கள் பென் லீ என்ற குன்றில் காலம் காலமாக ஆடு மாடு மேய்த்து வந்தார்கள். அந்த மேய்ச்சல் உரிமை அவர்கள் கையைவிட்டுப் போயிருந்தது, அதைத் திருப்பித் தரும் வரை நிலத்தின் சொந்தக்காரரான மக்டானல்ட் பிரபுவுக்கு வாடகை தர மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். வெளியேற்ற உத்தரவோடு வந்த அதிகாரியை மறித்து அந்தக் காகிதங்களை எரிக்க வைத்தார்கள். 1882 ஏப்ரலில், அவர்களைக் கைது செய்ய கிளாஸ்கோவிலிருந்து சுமார் ஐம்பது போலீஸ்காரர்கள் வரவழைக்கப்பட்டார்கள். மழையில், குறுகலான மலைப்பாதையில், ஊரே திரண்டு கல்லெறிந்தது. முன்னால் நின்றவர்கள் பெண்கள், தடியடியும் அவர்களுக்கே விழுந்தது. ஐந்து ஆண்களைப் பிடித்துப் போய் அபராதம் போட்டார்கள். ஆனால் செய்தி நாடு முழுக்கப் போய், அடுத்த ஆண்டே குடியானவர்களின் நிலைமையை விசாரிக்க நேப்பியர் ஆணையம் அமைந்தது, அதன் முதல் விசாரணையும் பிரேஸிலேயே நடந்தது. 1886-இல் வந்த சட்டம் குடியானவர்களை இஷ்டத்துக்கு வெளியேற்ற முடியாது என்று ஆக்கியது. அந்தச் சாலையோரத்தில் ஒரு நினைவுக் கற்குவியல் இருக்கிறது. கார் இருந்தால், ஸ்டோரில் இடமே இல்லாமல் வண்டிகள் குவிந்திருக்கும் நாளில், அங்கே போய்வாருங்கள். கூட்டம் இருக்காது, கடலும் ராசேயும் அங்கிருந்தும் அழகுதான், இந்தத் தீவில் இன்றைக்கும் ஆட்கள் வாழ்கிறார்கள் என்றால் அதற்கு அந்த இடத்துக்குப் பங்கு உண்டு.

துணிமணி விஷயம் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஜூலையிலும் பகல் வெப்பம் 15, 16 டிகிரிதான். குடை கொண்டுபோகாதீர்கள், காற்றில் நிற்காது. தொப்பி வைத்த மழைச்சட்டையும் முடிந்தால் மழைக்கால்சட்டையும் வேண்டும். கனமான ஒரே ஸ்வெட்டரைவிட மெல்லியதாக இரண்டு மூன்று அடுக்கு நல்லது, ஏறும்போது கழற்றலாம், நின்றதும் போட்டுக்கொள்ளலாம். காலுக்குப் பிடிமானமுள்ள ஷூ. புடவையில் வருகிறவர்கள் படகுக்கும் படிக்கும் அன்றைக்கு மட்டும் சுடிதாருக்கு மாறிக்கொள்ளுங்கள். காற்றே இல்லாத மந்தமான நாளில் மிட்ஜ் என்று கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னப் பூச்சிகள் கூட்டமாக வந்து கடிக்கும், மே மாதக் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை அவற்றின் காலம். பூச்சி விரட்டும் மருந்தும், தலைக்கு ஒரு வலையும் பையில் இருக்கட்டும். மலைப்பக்கம் போன் சிக்னலை நம்பக் கூடாது, வரைபடத்தைக் கப்பலிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கப்பலின் நேரமும் கரையின் நேரமும் ஒன்றுதானா என்று இறங்கும் முன் ஒருமுறை பாருங்கள்.

சாப்பாடு கப்பலில் இலவசம்தானே என்று மதியத்துக்குக் கப்பலுக்கே திரும்பிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். படகுக்குக் காத்திருந்து போய், சாப்பிட்டு, மறுபடி காத்திருந்து வந்தால் இரண்டு மணி நேரம் போய்விடும். அதைவிட முக்கியம், நூற்றுக்கணக்கானவர்கள் வந்து இறங்கி, சாலையையும் கழிப்பறையையும் பாதையையும் பயன்படுத்திவிட்டு, ஒரு டீ கூடக் குடிக்காமல் போனால் அந்த ஊருக்கு என்ன மிச்சம்? துறைமுகத்தில் வண்ண வண்ண வீடுகள் இருக்கும் வரிசையிலேயே மீன் வறுவலும் உருளைக்கிழங்கும் கிடைக்கும். சைவக்காரர்கள் மேலே வென்ட்வர்த் தெருப் பக்கம் போனால் சூப்பும் ரொட்டியும் கேக்கும் வைத்திருக்கும் கடைகள் இருக்கின்றன. வெளியே உட்கார்ந்து சாப்பிட்டால் கடற்புறா வந்து தட்டிலிருந்தே தூக்கிக்கொண்டு போகும், பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டு முடித்து அரை மணி மிச்சமிருந்தால் துறைமுகத்துக்கு மேலே இருக்கும் ‘லம்ப்’ என்ற மேட்டில் ஏறுங்கள். ஆகஸ்டில் ஸ்கையின் ஹைலேண்ட் விளையாட்டுகள் நடப்பது அங்கேதான். கீழே வளைகுடா, அதில் உங்கள் கப்பல், படகு வரிசை எவ்வளவு நீளம் என்பது வரை அங்கிருந்தே தெரிந்துவிடும்.

இவ்வளவு திட்டம் போட்டும், காற்றோ அலையோ அதிகமாக இருந்தால் கேப்டன் காலையில் அறிவித்துவிடுவார், இன்றைக்கு இறக்கம் இல்லை என்று. டெண்டர் துறைமுகங்களில் இது சகஜம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு அப்படித்தான் ஆனது, போர்ட்ரீயைக் கப்பலின் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஸ்கைக்காக மட்டுமே ஒருவர் கப்பல் டிக்கெட் எடுக்கிறார் என்றால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். தீவுக்கு 1995-லிருந்து பாலம் இருக்கிறது, 2004 கடைசியிலிருந்து அதில் கட்டணமும் கிடையாது. இன்வர்னஸிலிருந்து கைல் ஆஃப் லோகால்ஷ் வரை ரயில், அங்கிருந்து பாலம் கடந்து போர்ட்ரீக்குப் பேருந்து. அப்படி வந்து இரண்டு மூன்று இரவு தங்கினால்தான் தெற்கே கூலின் மலைகளுக்குப் போக முடியும். கரடுமுரடான கருப்பு கேப்ரோ பாறை, 992 மீட்டரில் ஸ்கூர் அலஸ்டர் உச்சி, காந்தத்தன்மையுள்ள பாறைகளால் திசைகாட்டியே தவறாகக் காட்டும் இடங்கள். அந்த மலைக்கு ஒரு வழிகாட்டியும் நல்ல வானிலையும் ஒரு முழு நாளும் வேண்டும். கப்பலில் வருகிறவர்கள் ஸ்டோர் பாதையில் ஏறும்போது வானம் தெளிவாக இருந்தால் தெற்கே திரும்பிப் பாருங்கள், தூரத்தில் ரம்பப் பல் மாதிரித் தெரிகிற அந்தத் தொடர் கூலின்தான்.